தண்ணீர் மறித்தாலும் வாக்கு மறிபடக் கூடாது: மட்டக்களப்பு, அம்பாறை வாக்காளருக்கான முழுமையான வழிகாட்டி

இலங்கையில் இதுவரை ஒன்பது ஜனாதிபதித் தேர்தல்கள் நடந்திருக்கின்றன. அவை நடந்த மாதங்களை வரிசையாகப் பாருங்கள்: 1982 ஒக்டோபர், 1988 டிசம்பர், 1994 நவம்பர், 1999 டிசம்பர், 2005 நவம்பர், 2010 ஜனவரி, 2015 ஜனவரி, 2019 நவம்பர், 2024 செப்டெம்பர். கடைசி ஒன்றைத் தவிர மற்ற எட்டும் ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் வந்தவை. கொழும்பில் இருப்பவருக்கு அவை வெறும் மாதங்கள். எங்களுக்கு அவை மாரி. வாவி நிறைந்து, குளங்களின் வான்கதவுகள் திறந்து, தாம்போதிகள் (வெள்ளம் மேலால் ஓடும்படி தாழ்வாகக் கட்டிய வீதிப் பகுதிகள்) மூழ்கும் காலம் அது.

2014 டிசம்பர் பிற்பகுதியில் மட்டக்களப்பு மாவட்டம் பெருவெள்ளத்தில் கிடந்தது. அடுத்த மாதம் 8 ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல். 2024 நவம்பர் 14 அன்று பாராளுமன்றத் தேர்தல் முடிந்தது. அடுத்த இரண்டு வாரத்துக்குள் அம்பாறை மாவட்டத்து மாவடிப்பள்ளியில் வெள்ளம் உழவு இயந்திரத்தை இழுத்துச் சென்று மதரசா மாணவர்களின் உயிரைப் பறித்தது. அந்த மழை பன்னிரண்டு நாள் முந்தி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி இன்னும் என்னை விடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் வெள்ளக் காலத்து வாக்கு வாக்குப் பெட்டியின் முன்னால் தொலைவதில்லை. அதற்கு முன்பே, கிட்டங்கித் தாம்போதியிலோ, கிரான்–புலிபாய்ந்தகல் வீதியிலோ, நனைந்து அழிந்த அடையாள அட்டையிலோ தொலைந்துவிடுகிறது. ஆகவே வேலையும் தேர்தல் நாளுக்கு முன்பே, மழைக்கும் முன்பே தொடங்க வேண்டும்.

முதலில் சட்டம் எதைத் தருகிறது, எதைத் தரவில்லை

பலர் தவறாக நம்பும் சிலவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். தபால் மூல வாக்களிப்பு அரச ஊழியர்களுக்கும் தேர்தல் கடமையில் இருப்பவர்களுக்கும் உரியது. வெள்ளத்தால் முகாமில் தங்கியிருக்கும் விவசாயிக்கோ மீனவருக்கோ அது கிடையாது. உங்களுக்காக வேறொருவர் போய் வாக்களிக்கவும் முடியாது. நீங்கள் எந்த ஊர் முகாமில் இருந்தாலும் உங்கள் பெயர் இருப்பது உங்கள் சொந்த வாக்களிப்பு நிலையத்தின் இடாப்பில்தான். முகாமுக்குப் பக்கத்தில் உள்ள நிலையத்துக்குப் போய் நின்றால் திருப்பி அனுப்புவார்கள்.

அமெரிக்காவில் 2012 இல் சாண்டிப் புயல் அடித்து ஒரு வாரத்தில் தேர்தல் வந்தது. நியூயோர்க் மாநில ஆளுநர், பாதிக்கப்பட்ட இடங்களின் வாக்காளர்கள் வேறு எந்த நிலையத்திலும் உறுதிமொழி கொடுத்து வாக்களிக்கலாம் என்று அவசர உத்தரவு போட்டார். அப்படியான வசதி எங்களுக்கு இல்லை. அது வேண்டும் என்று கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனால் இந்த வருட மாரிக்கு அதை நம்பியிருக்க முடியாது.

இனி இருப்பதைப் பார்ப்போம். வாக்காளர் அட்டை இல்லாவிட்டாலும், பெயர் இடாப்பில் இருந்து, ஏற்றுக்கொள்ளப்பட்ட அடையாள ஆவணமும் கையில் இருந்தால் வாக்களிக்கலாம். ஒரு நிலையத்தில் வாக்களிப்பு தொடங்க முடியாமலோ, இடையில் நின்றோ போனால் அங்கே மறு வாக்களிப்பு நடத்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. முழு மாவட்டத்திலும் நடத்த முடியாத நிலை வந்தால் வேறு திகதி குறிக்கவும் வழி இருக்கிறது. இவற்றைத் தீர்மானிப்பது தேர்தல் ஆணைக்குழு. கிராம உத்தியோகத்தரோ, நிலையத்தின் சிரேஷ்ட தலைமை தாங்கும் அலுவலரோ, எந்தக் கட்சிக்காரரோ அல்ல.

படி 1: பெயர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

இது சின்ன வேலை. தேசிய அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்துத் தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பார்க்கலாம். கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் இடாப்பு காட்சிக்கு வைக்கப்படும் காலத்தில் நேரில் போயும் பார்க்கலாம். பதினெட்டு வயதாகும் பிள்ளைகளின் பெயரையும் மறக்க வேண்டாம். வருடத்தில் மூன்று தடவை துணை இடாப்பில் அவர்களைச் சேர்க்கும் ஏற்பாடு 2021 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு வந்திருக்கிறது.

வெள்ளத்தோடு தொடர்புள்ள ஒரு சிக்கல் இதில் உண்டு. வீடு உடைந்து ஒரு வருடத்துக்கு மேலாக உறவினர் வீட்டில் இருப்பவர்கள், கணக்கெடுப்புக்கு வருபவரின் கண்ணில் 'இங்கே இல்லாதவர்' ஆகிவிடுகிறார்கள். வீடு மட்டும்தான் போயிற்று, ஊரை விட்டுப் போகவில்லை என்பதை எழுத்தில் கிராம உத்தியோகத்தரிடம் கொடுத்து, பிரதியில் அவருடைய கையொப்பமும் திகதியும் வாங்கி வையுங்கள்.

படி 2: அடையாள அட்டையைத் தண்ணீரில் இருந்து காப்பாற்றுங்கள்

2015 ஜனவரியில் படுவான்கரையில் (மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில்) ஒரு பாடசாலையில் தேர்தல் கடமையில் இருந்தேன். தண்ணீர் வடிந்திருந்தது. ஆனால் வகுப்பறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சேற்றுக் கோடு அப்படியே இருந்தது. காலை பத்து மணியளவில் ஓர் அம்மா வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து அட்டையை மேசையில் வைத்தார். பழைய காகித அட்டை. உறையின் ஒரு மூலை பிரிந்து தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. படம் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. இலக்கத்தில் முதல் நான்கு எண்கள் தெரிந்தன, மிச்சம் ஊதா மையாகப் பரவிக் கிடந்தது. அட்டையை யன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தோம்.

"வேறு ஏதும் அட்டை இருக்கிறதா அம்மா?"

"எல்லாம் தண்ணீரோடு போய்விட்டது மகன்."

உள்ளே இருந்த முகவர்கள் எல்லோரும் அவரை அடையாளம் சொன்னார்கள். ஒருவர் அவருடைய அயல் வீட்டுக்காரர். ஆனால் அறிமுகம் ஆவணத்துக்குப் பதிலாகாது. அவர் அட்டையை மறுபடி முடிந்துகொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் படியிறங்கிப் போனார். வீட்டில் ஒரு பொலித்தீன் பை இருந்திருந்தால் அந்த வாக்கு விழுந்திருக்கும்.

ஆகவே இன்றே செய்யக்கூடியது இது. மூடி இறுக்கமான பால்மா டின் ஒன்றை எடுங்கள். வீட்டில் உள்ள எல்லோருடைய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதியின் பிரதி, கிளினிக் கொப்பி ஆகியவற்றை இரண்டு பொலித்தீன் உறைக்குள் போட்டு, ரப்பர் வளையம் மாட்டி டின்னுக்குள் வையுங்கள். டின் அலுமாரிக்கு அடியில் இருக்கக் கூடாது. கூரை வளையில் தொங்கும் பைக்குள், எழுந்து நின்று கை நீட்டினால் எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று ஓடியவர்களுக்குத் தேடி எடுக்க நேரம் கிடைக்கவில்லை என்பதை இந்தக் கரையில் யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. அட்டையின் இரு பக்கத்தையும் படம் எடுத்துத் தொலைபேசியிலும், வெளியூரில் இருக்கும் ஒருவரிடமும் வைத்திருங்கள். படத்தைக் காட்டி வாக்களிக்க முடியாது. ஆனால் புதிய அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது இலக்கம் கையில் இருப்பது பாதி அலைச்சலைக் குறைக்கும்.

இன்னும் பழைய காகித அட்டை வைத்திருப்பவர்கள், எழுத்து மங்கியிருந்தால் மழைக்கு முன்பே புதிய அட்டைக்கு விண்ணப்பியுங்கள். தேர்தல் அறிவித்த பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் வரிசையில் நிற்பார்கள்.

தேசிய அடையாள அட்டை மட்டுமே ஆவணம் அல்ல. செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், ஓய்வூதியர் அடையாள அட்டை, முதியோர் அடையாள அட்டை, மதகுருமாருக்கு ஆட்பதிவுத் திணைக்களம் கொடுக்கும் அட்டை ஆகியவையும் ஏற்கப்பட்டு வந்திருக்கின்றன. முதியோர் அட்டை பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். அறுபது தாண்டியவர்கள் அதை எடுத்து வேறோர் இடத்தில் வைத்திருப்பது நல்ல காப்பு. எதுவும் இல்லாதவர்களுக்குத் தேர்தல் அலுவலகம் தற்காலிக அடையாள அட்டை வழங்கும். கிராம உத்தியோகத்தர் ஊடாகப் புகைப்படத்துடன் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் அதன் இறுதித் திகதி தேர்தலுக்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்பே முடிந்துவிடும். வெள்ளத்தில் ஸ்டூடியோவும் மூடியிருக்கும். எனவே இரண்டு புகைப்படங்களை இப்போதே எடுத்து அந்த டின்னுக்குள் போட்டு வையுங்கள்.

படி 3: உங்கள் ஊரின் தண்ணீர்ப் பாதையை வரையுங்கள்

இது கிராம அபிவிருத்திச் சங்கமோ, மாதர் சங்கமோ, கோவில் அல்லது பள்ளிவாசல் நிர்வாகமோ ஒரு மாலைப் பொழுதில் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை. வழிகாட்டி முழுவதிலும் அதிகப் பலன் தருவதும் இதுதான்.

ஒரு பெரிய தாளில் ஊரை வரையுங்கள். வாக்களிப்பு நிலையம் எங்கே, வீடுகள் எங்கே, நடுவில் எந்த வாய்க்கால், எந்தத் தாம்போதி. பிறகு ஊரில் உள்ள மூத்தவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள்: 1978 நவம்பர்ச் சூறாவளியின்போது தண்ணீர் எதுவரை வந்தது? 2011 ஜனவரியில்? 2014 டிசம்பரில்? அந்தக் கோடுகளை வேறு வேறு நிறத்தில் போடுங்கள். எங்கள் ஊர்களில் தண்ணீர் கண்டபடி வருவதில்லை. உன்னிச்சைக் குளம் திறந்தால் வவுணதீவுப் பக்கம் எந்த வயல் முதலில் மூழ்கும், நவகிரி திறந்தால் போரதீவுப்பற்றில் எந்த வீதி முதலில் அறும் என்று அங்கே வயல் செய்பவர் மணிக்கணக்கோடு சொல்வார். அம்பாறை மாவட்டத்தில் சேனாநாயக்க சமுத்திரத்தின் கதவுகள் உயர்ந்தால் கரையோரத் தாழ்நிலங்களுக்குத் தண்ணீர் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் அப்படித்தான் அறியலாம். அந்த அறிவு அலுவலகக் கோவைகளில் இல்லை. அதை எழுதி வைப்பது உங்கள் வேலை.

பிறகு ஒவ்வொரு வெட்டுப்படும் இடத்துக்கும் எதிரே மாற்று வழியை எழுதுங்கள். மாற்று வழி வீதியா, படகா, பெரிய உழவு இயந்திரமா? நற்பிட்டிமுனைப் பக்கத்தில் இருந்து கிட்டங்கியைத் தாண்ட முடியாவிட்டால் சவளக்கடைக்குச் சுற்றிப் போகும் தூரம் எவ்வளவு? குருமண்வெளி–மண்டூர் பாதை பலத்த காற்றில் ஓடாவிட்டால் என்ன வழி? (பாதை என்று நான் சொல்வது வாவியைக் கடக்கும் மிதவையை. வெளியூர் வாசகர்கள் வீதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.) மண்முனையில் 2014 இல் பாலம் வந்த பிறகு அங்கே அந்தக் கவலை தீர்ந்தது. மற்றப் படகுத் துறைகளில் தீரவில்லை.

அதே தாளின் பின்பக்கத்தில் தனியே உதவி தேவைப்படுபவர்களைக் குறியுங்கள். நடக்க முடியாதவர், பார்வை குறைந்தவர், நிறைமாதக் கர்ப்பிணி, கைக்குழந்தையோடு தனியே இருக்கும் தாய். பார்வையற்றோருக்கும் உடல் இயலாமை உள்ளோருக்கும் வாக்களிக்கத் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லும் உரிமையை 2011 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் தருகிறது. அதற்கு மருத்துவரும் கிராம உத்தியோகத்தரும் உறுதிப்படுத்திய படிவம் வேண்டும். வெள்ளத்துக்குள் மருத்துவரைத் தேடிப் போக முடியாது. தேர்தல் அறிவித்த வாரமே அதை நிரப்பிவிடுங்கள்.

படி 4: கடிதம் எழுதுங்கள், பிரதி வைத்திருங்கள்

வாயால் சொன்னது வெள்ளத்தோடு போய்விடும். வேட்புமனுக் காலம் முடிந்ததும், மாவட்டத்தில் தேர்தலை நடத்தும் பொறுப்புள்ள தெரிவத்தாட்சி அலுவலராகப் பணியாற்றும் மாவட்டச் செயலாளருக்கு எழுதுங்கள். பிரதிகளை உதவித் தேர்தல் ஆணையாளருக்கும் பிரதேச செயலாளருக்கும் அனுப்புங்கள். அம்பாறை மாவட்டத்தவர்கள் தேர்தல் மாவட்டத்தின் பெயர் திகாமடுல்ல என்பதைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள். கடிதம் இந்த அளவில் இருந்தால் போதும்:

"ஐயா/அம்மணி, எமது கிராம உத்தியோகத்தர் பிரிவின் வாக்களிப்பு நிலையம் இன்ன பாடசாலை. இந்த நிலையத்துக்கு வரும் வீதி இன்ன இடத்தில் ஒவ்வொரு மாரியிலும் வெள்ளத்தில் மூழ்குகிறது. அப்போது இத்தனை குடும்பங்கள் நிலையத்துக்குச் செல்ல முடியாது. வரைபடம் இணைத்துள்ளோம். தேர்தல் நாளில் வீதி மூழ்கினால், (1) அரச ஏற்பாட்டில் படகு அல்லது உழவு இயந்திரம், உயிர்காப்பு அங்கிகளுடன். (2) அது இயலாவிட்டால் மேட்டில் உள்ள இன்ன கட்டடத்துக்கு நிலையத்தை மாற்றுதல். இவற்றுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். தீர்மானத்தை எழுத்தில் அறிவிக்கவும்."

கையொப்பங்கள் ஒரே கட்சிக்காரர்களுடையதாக இருக்கக் கூடாது. எல்லாப் பக்கத்தவரும் போட்ட கடிதத்தை ஒதுக்குவது கடினம். பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். பின்னால் நீதிமன்றம் வரை போக நேர்ந்தால் அந்தச் சீட்டுத்தான் உங்கள் முதல் சாட்சி.

பல ஊர் வாக்காளர்களைப் பாதுகாப்பான ஒரே இடத்துக்கு வரவழைக்கும் கொத்தணி வாக்களிப்பு நிலையங்கள் எங்களுக்குப் புதியவை அல்ல. போர்க்காலத்தில் படுவான்கரை மக்கள் வாவியைக் கடந்து கிழக்குப் பக்கமான எழுவான்கரைக்கு வந்து அப்படித்தான் வாக்களித்தார்கள். துப்பாக்கிக்காக அன்று செய்ததைத் தண்ணீருக்காக இன்று கேட்பதில் தவறில்லை.

படி 5: பாடசாலைக்கு இரண்டு வேலை வரும் நாள்

எங்கள் ஊர்களில் மேடான, கல்லால் கட்டிய, கழிவறை உள்ள கட்டடம் என்றால் பெரும்பாலும் பாடசாலைதான். வெள்ளம் வந்தால் அதுவே இடைத்தங்கல் முகாம். தேர்தல் வந்தால் அதுவே வாக்களிப்பு நிலையம். இரண்டும் ஒன்றாக வந்தால்? தேர்தலுக்கு முதல் நாள் மாலை வாக்குப் பெட்டியோடு அலுவலர்கள் வந்து இறங்கும்போது வகுப்பறையில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் அகதிகளை எழுப்பி வேறிடம் அனுப்புவது கொடுமை. வாக்களிப்பை நிறுத்துவதும் சரியல்ல.

அதிபர், கிராம உத்தியோகத்தர், சங்கத்தார் மூவரும் முன்பே உட்கார்ந்து, எந்தக் கட்டடத் தொகுதி முகாமுக்கு, எந்த இரண்டு அறை வாக்களிப்புக்கு, எந்த வாயில் எதற்கு என்று பிரித்துவிட வேண்டும். வாக்களிப்பு அறைக்குத் தனி வழி, சமையல் இடத்தில் இருந்து தூரம், இரவுக்கு மின்விளக்கு. சின்னப் பாடசாலையாக இருந்தால் முகாமைக் கோவில் மண்டபத்துக்கோ, பல்நோக்கு மண்டபத்துக்கோ முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

இதே கிராம உத்தியோகத்தர்தான் நிவாரணப் பட்டியலும் எழுதுகிறார், தேர்தல் வேலையும் பார்க்கிறார். அந்த வாரத்தில் அவர் தூங்குவதே இல்லை. குறை சொல்வதற்கு முன் அவருக்கு இரண்டு இளைஞர்களைத் துணைக்குக் கொடுங்கள்.

படி 6: முகாமில் வாக்காளர் பட்டியல்

முகாமில் முதல் நாளே எல்லாப் பட்டியல்களும் எழுதப்படுகின்றன: உலர் உணவுக்கு, பாய்க்கு, பால்மாவுக்கு. வாக்குக்கு ஒரு பட்டியல் யாரும் எழுதுவதில்லை. ஒரு கொப்பியில் ஐந்து நிரல்கள் போடுங்கள். குடும்பத் தலைவர் பெயர், பதினெட்டுக்கு மேற்பட்டவர்கள் எத்தனை பேர், சொந்தக் கிராம உத்தியோகத்தர் பிரிவு, வாக்களிப்பு நிலையம், கையில் அடையாள ஆவணம் உண்டா இல்லையா. அரை நாள் வேலை. இதை முடித்தால் இரண்டு கேள்விக்கு உடனே பதில் கிடைக்கும். எத்தனை பேருக்குத் தற்காலிக அட்டை வேண்டும்? எந்த நிலையத்துக்கு எத்தனை பேரைக் கொண்டுபோக வண்டி வேண்டும்? எண்ணிக்கையோடு கேட்டால் பிரதேச செயலாளரால் பஸ் ஒழுங்கு செய்ய முடியும். "நிறையப் பேர் இருக்கிறார்கள்" என்று கேட்டால் முடியாது.

அந்தக் கொப்பியில் யார் யாருக்கு வாக்களிப்பார் என்ற குறிப்பு ஒரு புள்ளி அளவுகூட இருக்கக் கூடாது. தேர்தல் முடிந்ததும் கட்சிக்காரர் கையில் அது போகவும் கூடாது. கொப்பியைக் கிராம உத்தியோகத்தரிடம் ஒப்படையுங்கள்.

வாக்காளர் அட்டைகள் தபால்காரர் வழியாக வீட்டுக்குப் போகும். வீடு தண்ணீரில் நிற்கும். விநியோகிக்கப்படாத அட்டைகளை உங்கள் பகுதித் தபாலகத்தில் அடையாளத்தைக் காட்டித் தேர்தல் நாள் வரை பெறலாம். கிடைக்காவிட்டாலும் மனம் தளர வேண்டாம். அட்டை இல்லாமலே வாக்களிக்கலாம் என்று முகாமில் சத்தமாகச் சொல்லுங்கள். இது தெரியாமலே வீட்டில் இருந்துவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

படி 7: கடைசி மூன்று நாட்கள்

வானிலை அறிவித்தலையும் குளங்களின் வான்கதவு அறிவித்தலையும் சேர்த்துக் கேளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117. ஊரில் மழை இல்லை என்று இருந்துவிடாதீர்கள். மேலே பெய்த மழை மறுநாள் கீழே வரும்.

இந்த நாட்களில் தண்ணீரைவிட வேகமாக வதந்தி பரவும். "எங்கள் பிரிவில் தேர்தல் இல்லையாம்", "நிலையம் மாறிவிட்டதாம்." யார் சொன்னாலும், கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம், மாவட்டத் தேர்தல் அலுவலகம் ஆகிய மூன்றில் ஒன்றில் உறுதிப்படுத்தாமல் நம்ப வேண்டாம், பகிரவும் வேண்டாம். உண்மையிலேயே நிலையம் மாறியிருந்தால் கோவில், பள்ளிவாசல், தேவாலய ஒலிபெருக்கிகளில் ஒரே வாசகத்தை எழுதிக் கொடுத்து, காலையும் மாலையும் சொல்லச் செய்யுங்கள். ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னால் குழப்பமே மிஞ்சும்.

நிவாரணம் பற்றியும் நேராகச் சொல்ல வேண்டும். வெள்ளத்தில் பசித்திருப்பவருக்குப் பொதி வருவது நல்லதுதான். ஆனால் வேட்பாளரின் படத்தோடும் சின்னத்தோடும் வரும் பொதி வாக்கை விலைக்குக் கேட்பதே. அது தேர்தல் குற்றம். உதவ விரும்பும் அரசியல்வாதி பிரதேச செயலகத்தில் கொடுக்கட்டும், அங்கிருந்து வரட்டும். வண்டி விடயத்திலும் இப்படித்தான். வாக்காளர்களைக் கட்சியோ வேட்பாளரோ வாகனத்தில் ஏற்றிச் செல்வது சட்டத்துக்கு மாறானது. வெள்ளம் என்பதால் அது அனுமதிக்கப்பட்டதாகிவிடாது. அதனால்தான் படகையும் உழவு இயந்திரத்தையும் அரச ஏற்பாட்டில் கேளுங்கள் என்று மேலே அழுத்திச் சொன்னேன். உடல் இயலாமையால் நடந்து செல்ல முடியாதவர்கள் வாகனத்தில் செல்ல, தெரிவத்தாட்சி அலுவலரிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி பெறலாம்.

படி 8: தேர்தல் நாள்

காலையிலேயே போங்கள். அண்மைக்காலத் தேர்தல்களில் வாக்களிப்பு காலை 7 மணிக்குத் தொடங்கி மாலை 4 மணிக்கு முடிந்திருக்கிறது. மாரியில் மூன்று மணிக்கே இருட்டிவிடும், காற்றும் எழும். படகு ஏற்பாடு இருந்தால் முதல் ஓட்டத்தில் முதியவர்களையும் கர்ப்பிணிகளையும் அனுப்புங்கள். இளைஞர்கள் பின்னால் போகலாம். திரும்பி வரும் படகு எத்தனை மணிக்கு என்பதை ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு விடயத்தில் தயவு காட்ட மாட்டேன். ஓடும் தண்ணீர் தாம்போதியை மூடியிருந்தால் கடக்காதீர்கள். உழவு இயந்திரமாக இருந்தாலும் கடக்காதீர்கள். மாவடிப்பள்ளியை நினையுங்கள். தொலைபேசியை எடுத்துப் பிரதேச செயலகத்துக்கும் தேர்தல் அலுவலகத்துக்கும் சொல்லுங்கள், சொன்ன நேரத்தைக் குறித்து வையுங்கள். வாக்குரிமைக்காக உயிரைக் கொடுக்கும்படி எந்தக் குடிமகனையும் கேட்கக் கூடாது. வழி செய்து தருவது அரசின் கடமை.

படி 9: வாக்களிக்க முடியாமல் போனால்

அன்று மாலையே எழுதுங்கள். எத்தனை மணிக்கு எந்த இடத்தில் வழி மறிபட்டது, எத்தனை பேர் திரும்பினார்கள், எந்த அலுவலரிடம் எத்தனை மணிக்குச் சொன்னீர்கள், என்ன பதில் வந்தது. மூழ்கிய வீதியைப் படம் எடுங்கள். வாக்களிப்பு நிலையத்துக்குள் தொலைபேசியும் படமும் தடை என்பதால் வெளியே மட்டும். நிலையம் திறக்கவில்லை, இடையில் மூடப்பட்டது, அல்லது வாக்குப் பெட்டி எண்ணும் நிலையத்துக்குப் போய்ச் சேரவில்லை என்றால் அலுவலர் அதைத் தெரிவத்தாட்சி அலுவலருக்கும், அவர் ஆணைக்குழுவுக்கும் அறிவிக்க வேண்டும். அந்த நிலையத்தின் வாக்குகள் முடிவைப் பாதிக்கக்கூடியவை என்று ஆணைக்குழு கருதினால் மறு வாக்களிப்புக்கு உத்தரவிடலாம். உங்கள் குறிப்பின் பிரதியை பெப்ரல் போன்ற கண்காணிப்பு அமைப்புகளுக்கும் கொடுங்கள்.

இந்த மண்ணுக்கு இதில் ஒரு முன்வழக்கும் இருக்கிறது. 2001 டிசம்பர் 5 பொதுத் தேர்தலில் வன்னியிலும் மட்டக்களப்பிலும் சோதனைச் சாவடிகள் மூடப்பட்டதால் பல்லாயிரம் பேர் கொத்தணி நிலையங்களுக்குப் போக முடியவில்லை. வாக்காளர்கள் வழக்குப் போட்டார்கள். 2003 இல் உயர் நீதிமன்றம் அவர்களுடைய அடிப்படை உரிமை மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்தது. வாக்களிப்பது கருத்து வெளிப்பாட்டுச் சுதந்திரத்தின் ஒரு வடிவம் என்பதை அந்த நீதிமன்றம் 1999 இலேயே ஏற்றுக்கொண்டிருந்தது. அன்று மறித்தது ஆயுதம். வெள்ளத்தை யாரும் அனுப்புவதில்லை என்று சொல்லலாம். ஆனால் பதிவுத் தபாலில் முன்கூட்டியே எச்சரித்தும் படகு வராவிட்டால், அது வெள்ளத்தின் தவறு மட்டும் அல்ல.

அடிப்படை உரிமை மனுவை உரிமை மீறப்பட்ட ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. வீட்டுக்குள் சேறு வாரிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒரு மாதம் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். எனவே முறைப்பாட்டை முதல் வாரத்திலேயே கொடுங்கள்.

தேர்தலையே ஒத்திவைத்தால்

சில வேளைகளில் ஒத்திவைப்பதுதான் நியாயம். 1970 நவம்பரில் வங்கக் கடலில் எழுந்த போலா புயலுக்குப் பிறகு, டிசம்பர் 7 அன்று பாகிஸ்தான் பொதுத் தேர்தல் நடந்தது. கிழக்குப் பாகிஸ்தானின் பாதிக்கப்பட்ட தொகுதிகளில் மட்டும் 1971 ஜனவரி 17 அன்று வாக்களித்தார்கள். ஜப்பானில் 2011 மார்ச் ஆழிப்பேரலைக்குப் பிறகு பாதிக்கப்பட்ட பகுதிகளின் உள்ளூராட்சித் தேர்தல்கள் தனிச் சட்டம் ஒன்றின் மூலம் பின்போடப்பட்டன. எங்கள் பாராளுமன்றத் தேர்தல் சட்டத்திலும் அவசர நிலை வந்தால் ஒரு தேர்தல் மாவட்டத்துக்கு வேறு நாள் குறிக்கலாம். புதிய நாள், வர்த்தமானியில் அறிவித்ததில் இருந்து 14 நாளுக்கு முந்தியதாக இருக்கக் கூடாது. 2020 இல் கொரோனா காரணமாக ஏப்ரல் 25 இல் இருந்து ஜூன் 20 க்கும், பிறகு ஓகஸ்ட் 5 க்கும் தள்ளிப்போனது எல்லோருக்கும் நினைவிருக்கும்.

ஆனால் நான் ஒத்திவைப்பை எளிதில் கேட்க மாட்டேன். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் நடக்கவில்லை. 2023 மார்ச்சில் நடந்திருக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் 2025 மே 6 அன்றுதான் நடந்தது. இவற்றுக்கு வெள்ளம் காரணம் அல்ல. தள்ளிப்போட்ட தேர்தல் இங்கே எவ்வளவு தூரம் தள்ளிப்போகும் என்பதை மட்டும் இவை காட்டுகின்றன. ஆகவே ஒத்திவைக்கும்படி கேட்டால், பாதிக்கப்பட்ட நிலையங்களுக்கு மட்டும் கேளுங்கள், திகதியோடு கேளுங்கள்.

ஒத்திவைத்தால் அந்தப் பதினான்கு நாட்கள் சும்மா இருப்பதற்கு அல்ல. பழைய வாக்காளர் அட்டையை வீச வேண்டாம். முகாமில் இருந்து வீடு திரும்பியவர்களையும் வேறு முகாமுக்குப் போனவர்களையும் கொப்பியில் திருத்துங்கள். தற்காலிக அட்டைக்கு விண்ணப்பிக்கப் புதிய இறுதித் திகதி உண்டா என்று தேர்தல் அலுவலகத்தில் கேளுங்கள். தாம்போதியில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று தினமும் காலையில் ஒருவர் போய்ப் பார்த்து, அந்த வரைபடத் தாளின் ஓரத்தில் திகதியோடு எழுதி வரட்டும்.